ஸ்பானிய இறந்தகால வினைகள்: குறில் நெடில் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழியின் எளிய இறந்தகாலத்துக்கு மொத்தம் பன்னிரண்டு விகுதிகள்தான். ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனாலும், மனப்பாடம் செய்தவர் பேசத் தொடங்கியதும் கேட்பவர் முகத்தில் குழப்பம் தெரிகிறது. 'நான் பணம் செலுத்தினேன்' என்று சொல்ல நினைத்தவர் 'பணம் செலுத்துங்கள்' என்று சொல்லியிருப்பார். விகுதி சரியாகவே இருந்திருக்கும். அழுத்தம் இடம் மாறியிருக்கும்.

ஸ்பானிய இறந்தகாலத்தின் உயிர் அசையழுத்தத்தில் இருக்கிறது. தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அதனால் நம் காது அதைத் தேடுவதும் இல்லை. ஆனால் கல்–கால், கொடு–கோடு என்று உயிரின் அளவை நம் காது நொடியில் பிரித்துவிடும். அந்தத் திறமையையே இங்கே ஊன்றுகோலாக எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

தொடங்கும் முன்: எழுதும் முறை

இந்த வழிகாட்டியில் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அழுத்தம் விழும் அசையின் உயிர் நெடிலாக இருக்கும். மற்ற அசைகளின் உயிர்கள் எல்லாம் குறிலாக இருக்கும். எனவே 'ஆப்லொ' என்றால் அழுத்தம் முதல் அசையில். 'அப்லோ' என்றால் கடைசி அசையில்.

இது வெறும் குறியீடு என்பதை மறக்க வேண்டாம். ஸ்பானிய மொழியில் பொருள் வேறுபடுத்தும் நெடில் கிடையாது. அழுத்தம் பெற்ற உயிர் சற்று ஓங்கி ஒலிக்கும், ஒரு சிறிதே நீளும். 'அப்லோ' என்பதில் உள்ள ஓவைத் தமிழ் ஓடம் போல இழுக்காமல், குரலை அங்கே உயர்த்தினால் போதும்.

உயிர்களுக்கு நடுவே 'த்த', 'க்க' என்று இரட்டித்து எழுதியிருந்தால் அது வல்லொலி; ஒற்றையாக இருந்தால் தமிழில் இயல்பாக வருவது போன்ற மெல்லிய ஒலி. ஸ்பானிய எழுத்தில் வரும் 'பி', 'வி' இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான். 'கம்பம்' என்ற சொல்லில் வரும் மூன்றாம் எழுத்தின் ஒலி. இரண்டையும் ப என்றே எழுதியிருக்கிறேன். 'எச்' எழுத்துக்கு ஒலியே இல்லை. அதனால்தான் பேசு என்று பொருள்படும் வினை எழுத்தில் 'எச்' கொண்டு தொடங்கினாலும் 'அப்லார்' என்றே ஒலிக்கிறது.

முதல் படி: பகுதியைப் பிரித்தெடுப்பது

ஸ்பானிய வினைகள் அகராதியில் மூன்று வகையாக முடியும்: ஆர், ஏர், ஈர். நமக்கு மூன்று மாதிரிகள் போதும்.

அப்லார் – பேசு
கொமேர் – உண்
ஸுபீர் – ஏறு

கடைசி அசையில் உள்ள ஆர், ஏர், ஈர் என்பதை நீக்கினால் எஞ்சுவது பகுதி: அப்ல், கொம், ஸுப்.

தமிழில் 'பேசினேன்' என்பதைப் பேசு + இன் + ஏன் என்று பிரிப்போம். 'இன்' என்ற இடைநிலை காலத்தைக் காட்டும். 'ஏன்' என்ற விகுதி இடத்தைக் காட்டும். ஸ்பானிய எளிய இறந்தகாலத்தில் இந்த இரண்டும் ஒன்றாக உருகிவிட்டன. 'அப்லே' என்பதில் உள்ள ஏ ஒன்றே 'இறந்தகாலம், தன்மை, ஒருமை' என மூன்றையும் சொல்கிறது. ஆகவே காலம் காட்டும் எழுத்தைத் தனியாகத் தேடிப் பயனில்லை. விகுதியை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விகுதிகள்

ஆர் வகை:

நான் – அப்லே
நீ – அப்லாஸ்தெ
அவன், அவள், அவர், அது, நீங்கள் (மரியாதை ஒருமை) – அப்லோ
நாங்கள், நாம் – அப்லாமொஸ்
நீங்கள் (நெருக்கமானவர்கள், ஸ்பெயினில் மட்டும்) – அப்லாஸ்தெய்ஸ்
அவர்கள், அவை, நீங்கள் (பன்மை) – அப்லாரொன்

ஏர் வகை:

நான் – கொமீ
நீ – கொமீஸ்தெ
அவன், அவள், அவர் – கொம்யோ
நாங்கள் – கொமீமொஸ்
நீங்கள் (ஸ்பெயின்) – கொமீஸ்தெய்ஸ்
அவர்கள் – கொம்யேரொன்

ஈர் வகைக்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம். ஏர் வகையின் விகுதிகள் அப்படியே வரும்: ஸுபீ, ஸுபீஸ்தெ, ஸுப்யோ, ஸுபீமொஸ், ஸுபீஸ்தெய்ஸ், ஸுப்யேரொன். நிகழ்காலத்தில் 'நாங்கள்', ஸ்பெயினின் 'நீங்கள்' ஆகிய இடங்களில் வேறுபடும் இந்த இரு வகைகளும் இறந்தகாலத்தில் முழுமையாக ஒன்றாகிவிடுகின்றன.

தமிழரை முதலில் தடுமாறவைப்பது படர்க்கை. பேசினான், பேசினாள், பேசினார், பேசியது என்று நாம் நான்காகப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் 'அப்லோ' ஒன்றுதான். வினையில் பாலும் இல்லை, மரியாதையும் இல்லை. யார் என்பது சூழலில் விளங்காவிட்டால் ஏல் (அவன்), ஏய (அவள்), உஸ்தேத் (நீங்கள்) என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளங்கும் இடத்தில் தமிழைப் போலவே எழுவாயை விட்டுவிடலாம். 'நான்' என்பதற்குரிய 'யோ' சொல்லை ஒவ்வொரு வாக்கியத்திலும் திணிப்பது, 'நான் வந்தேன், நான் உட்கார்ந்தேன், நான் பேசினேன்' என்று தமிழில் சொல்வதைப் போலவே ஒலிக்கும்.

லத்தீன் அமெரிக்காவில் ஸ்பெயினின் நெருக்கப் பன்மை வழக்கில் இல்லை. அங்கே எல்லாப் பன்மை முன்னிலைக்கும் உஸ்தேதெஸ் என்பதோடு 'அப்லாரொன்' வடிவமே வரும். அர்ஜென்டினா, உருகுவே போன்ற நாடுகளில் 'நீ' என்பதற்கு 'போஸ்' என்ற சொல் வழங்குகிறது. நிகழ்காலத்தில் அதற்குத் தனி விகுதி உண்டு. இறந்தகாலத்திலோ அதே 'அப்லாஸ்தெ' தான்.

எதிர்மறைக்கும் வினாவுக்கும் வடிவம் மாறாது. ஆங்கிலத்தின் 'டிட்' போன்ற துணைவினையை இங்கே தேட வேண்டாம். நொ அப்லே – நான் பேசவில்லை. அப்லாஸ்தெ? – நீ பேசினாயா? ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பவர்கள் இந்த இடத்தில் தேவையில்லாமல் நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: அழுத்தம்

இங்கே நிதானமாக நில்லுங்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்தால் போதும் என்பேன்.

மேலே உள்ள வடிவங்களை மீண்டும் பாருங்கள். ஒன்றில்கூடப் பகுதியில் நெடில் இல்லை. அழுத்தம் எப்போதும் விகுதியில்தான். ஒழுங்கான வினைகள் அனைத்துக்கும் இது விலக்கில்லாத விதி. நிகழ்காலத்திலோ ஒருமை வடிவங்களிலும் 'அவர்கள்' வடிவத்திலும் அழுத்தம் பகுதியில் விழுகிறது.

பணம் செலுத்து என்று பொருள்படும் 'பகார்' வினையின் நான்கு வடிவங்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள்:

பாகொ – செலுத்துகிறேன்
பகோ – செலுத்தினார்
பாகெ – செலுத்துங்கள்
பகே – செலுத்தினேன்

மெய்கள் நான்கிலும் ஒன்றே. கடைசி உயிர் இரண்டே வகை. ஒவ்வொரு வகையிலும் அழுத்தம் இடம் மாறுவதால் மட்டுமே பொருள் இரண்டாகிறது; மொத்தம் நான்கு பொருள்கள். 'பகே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பாகெ' என்றால், செலுத்திவிட்டதாகச் சொல்வதற்குப் பதிலாக எதிரில் இருப்பவரைச் செலுத்தச் சொல்கிறீர்கள்.

இதைவிடக் கூர்மையான உதாரணமும் உண்டு. 'தேர்மினொ' என்றால் முடிவு அல்லது கலைச்சொல் என்ற பெயர்ச்சொல். 'தெர்மீனொ' என்றால் முடிக்கிறேன். 'தெர்மினோ' என்றால் முடித்தார். நெடில் முதல், இடை, கடை என நகர நகரப் பொருள் மாறுகிறது.

எழுத்தில் இதைக் காட்டுவது உயிரெழுத்தின் மேல் இடும் சாய்கோடு. ஸ்பானியர் அதைத் 'தீல்தெ' என்பார்கள். ஒழுங்கான வினைகளில் 'நான்', 'அவர்' என்ற இரண்டு வடிவங்களுக்கு மட்டும் அது வரும்: அப்லே, அப்லோ, கொமீ, கொம்யோ. மற்ற நான்குக்கு வராது. ஏன் இரண்டுக்கு மட்டும் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஸ்பானிய எழுத்து விதிப்படி, உயிரிலோ 'என்', 'எஸ்' எழுத்துகளிலோ முடியும் சொல்லுக்கு ஈற்றயல் அசையில் அழுத்தம் விழுவது இயல்பு. அப்லாஸ்தெ, அப்லாமொஸ், அப்லாரொன் ஆகியவை இந்த இயல்பின்படியே ஒலிக்கின்றன, குறி தேவையில்லை. அப்லேயும் அப்லோவும் உயிரில் முடிந்தும் இறுதி அசையில் அழுத்தம் பெறுகின்றன. இயல்பை மீறுவதால் அதைக் குறிக்க வேண்டியிருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொண்டால் சாய்கோட்டை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

கைபேசியில் எழுதும்போது சோம்பலில் சாய்கோட்டை விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கற்கும் காலத்தில் அதைப் பின்பற்றாதீர்கள். குறி இல்லாமல் எழுதிப் பழகினால் குரலும் அழுத்தமில்லாமல் பழகிவிடும்.

நான்காம் படி: 'நாங்கள்' வடிவத்தின் இரட்டைப் பொருள்

'அப்லாமொஸ்' என்றால் பேசுகிறோம், பேசினோம் இரண்டும்தான். 'ஸுபீமொஸ்' அப்படியே. ஏர் வகையில் மட்டும் வேறுபாடு உண்டு: கொமேமொஸ் – உண்கிறோம், கொமீமொஸ் – உண்டோம்.

இதற்காகக் கவலைப்பட வேண்டாம். 'அயேர்' (நேற்று), 'அனோச்செ' (நேற்றிரவு), 'ல ஸெமான பஸாத' (கடந்த வாரம்) போன்ற காலச் சொல் ஒன்று பக்கத்தில் நின்றால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: எழுத்து மாறும், ஒலி மாறாது

பாடநூல்கள் இதைத் தனி இயலாக்கிப் பயமுறுத்துகின்றன. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் மாற்றம் எதுவுமே நடக்கவில்லை என்பது தெரியும்.

தொக்கார் (தொடு, இசைக்கருவி வாசி) – தொக்கே
பகார் (செலுத்து) – பகே
அல்மொர்ஸார் (மதிய உணவு உண்) – அல்மொர்ஸே

மூன்றும் முழு ஒழுங்கோடு ஒலிக்கின்றன. சிக்கல் ரோமன் எழுத்துகளில்தான். ஸ்பானியத்தில் 'சி' எழுத்து எகர ஒலிக்கு முன் வந்தால் ககரமாக ஒலிக்காது, 'தொஸே' ஆகிவிடும். ககரத்தைக் காப்பாற்ற அந்த இடத்தில் 'கியூ', 'யூ' என்ற இரண்டு எழுத்துகளை இடுகிறார்கள். 'ஜி' எழுத்து எகரத்துக்கு முன் 'ஹ' போல ஒலிக்கும். 'பஹே' ஆகாமல் தடுக்க, ஒலியில்லாத 'யூ' ஒன்றை நடுவில் வைக்கிறார்கள். எகரத்துக்கு முன் 'இஸட்' எழுதும் வழக்கம் இல்லாததால் அது 'சி' ஆகிறது.

இவை மூன்றும் 'நான்' வடிவத்தில் மட்டுமே நிகழும், ஏனென்றால் ஏகாரத்தில் தொடங்கும் விகுதி அது ஒன்றுதான். தொக்காஸ்தெ, தொக்கோ, தொக்காரொன் எல்லாம் பழைய எழுத்துகளோடே இருக்கும்.

இன்னொரு மாற்றம் தமிழருக்கு வெகு எளிது. பகுதி உயிரில் முடியும் ஏர், ஈர் வினைகளில், எடுத்துக்காட்டாக லெஏர் (படி), படர்க்கை விகுதியின் இகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவில் சிக்கி யகரமாகிறது: லெயோ, லெயேரொன். யகர உடம்படுமெய்யைத் தினமும் பயன்படுத்தும் நமக்கு இதில் வியப்பே இல்லை. க்ரெஏர் (நம்பு), கஏர் (விழு), ஒஈர் (கேள்) ஆகியவையும் இப்படியே. இந்த வினைகளில் லெஈ, லெஈஸ்தெ, லெஈமொஸ் என்ற மற்ற வடிவங்களின் ஈகாரத்துக்கும் சாய்கோடு வரும். இரண்டு உயிர்களும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனி அசைகளாக நிற்கின்றன என்பதை அது காட்டுகிறது.

ஆறாம் படி: நிகழ்காலத்தில் உடையும் பகுதி

நிகழ்காலம் படித்தவர்களுக்கு 'பென்ஸார்' (நினை) நினைவிருக்கும். 'நினைக்கிறேன்' என்பது 'ப்யேன்ஸொ'. பகுதியின் எகரம் உடைந்து 'யே' ஆகிறது. 'பொல்பேர்' (திரும்பி வா) 'ப்வேல்பொ' ஆகிறது. இறந்தகாலத்தில் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. பென்ஸே, பென்ஸாஸ்தெ, பென்ஸோ. பொல்பீ, பொல்பீஸ்தெ, பொல்ப்யோ.

மூன்றாம் படியைப் புரிந்துகொண்டவருக்கு இதன் காரணம் தானாகவே விளங்கும். உயிர் உடைவது அதன் மேல் அழுத்தம் விழும்போதுதான். இறந்தகாலத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுகிறது. பகுதி உடைவதற்குக் காரணமே இல்லை. நிகழ்காலத்தில் முரண்டு பிடிக்கும் பல வினைகள் இங்கே முழுக்க ஒழுங்காகிவிடுவது எனக்கு இந்த மொழியில் மிகப் பிடித்த விஷயங்களில் ஒன்று. 'வெளியே போகிறேன்' என்பதற்கு 'ஸால்கொ' என்று ககரம் கூடும் 'ஸலீர்' வினையும் இறந்தகாலத்தில் ஸலீ, ஸலீஸ்தெ, ஸல்யோ என்று பணிந்து வருகிறது.

ஒரே ஒரு விலக்கு, ஈர் வகையில். நிகழ்காலத்தில் பகுதி மாறும் ஈர் வினைகள் இறந்தகாலத்தில் படர்க்கையில் மட்டும் சிறிதாக மாறும்; எகரம் இகரமாகவும் ஒகரம் உகரமாகவும். பெதீர் (கேட்டுப் பெறு): பெதீ, பெதீஸ்தெ, ஆனால் பித்யோ, பித்யேரொன். தொர்மீர் (தூங்கு): தொர்மீ, தொர்மீஸ்தெ, ஆனால் துர்ம்யோ, துர்ம்யேரொன். விகுதிகள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒழுங்கில்லாதவற்றை அடையாளம் காண

முரண் வினைகளைக் கற்பது வேறு வேலை. ஆனால் அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்பது இப்போதே தெரிந்திருக்க வேண்டும். 'தூபெ' (என்னிடம் இருந்தது), 'தூபொ' (அவரிடம் இருந்தது), 'ஈஸெ' (செய்தேன்), 'ஈஸொ' (செய்தார்), 'தீஹெ' (சொன்னேன்), 'தீஹொ' (சொன்னார்). நெடில் எங்கே இருக்கிறது பாருங்கள்: பகுதியில். அதனால் இவற்றுக்குச் சாய்கோடும் கிடையாது.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'நேசித்தேன்' என்பதன் லத்தீன் வடிவம் 'அமாவீ'. அழுத்தம் பகுதிக்குப் பின்வரும் மா மீது. அது சுருங்கி 'அமே' ஆனபோது அழுத்தம் இறுதியில் தங்கியது. 'சொன்னேன்' என்பதற்கான 'தீக்ஸீ' வடிவத்திலோ அழுத்தம் முதல் அசையில். அதுவே 'தீஹெ' ஆகி, அழுத்தத்தை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டது.

பழைய பதிப்புகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 'ப்யோ' (பார்த்தார்), 'த்யோ' (கொடுத்தார்) போன்ற ஓரசைச் சொற்களிலும் முன்பு சாய்கோடு இருந்தது. 1713இல் தொடங்கப்பட்ட ராயல் ஸ்பானிய அகாதமி 1952இல் வகுத்து, 1959இல் கட்டாயமாக்கிய எழுத்து விதிகளில் அது நீக்கப்பட்டது. இன்று அதை எழுதினால் பிழை.

இந்தக் காலத்துக்கு நூலுக்கு நூல் பெயர் மாறுவதும் தொல்லைதான். ஸ்பெயினின் பாடநூல்கள் பல 'இந்தெஃபினீதொ' என்கின்றன. அகாதமி 'பெர்ஃபேக்தொ ஸீம்ப்லெ' என்கிறது. கராகஸில் பிறந்த அந்த்ரேஸ் பெயோ 1847இல் சிலியில் வெளியிட்ட இலக்கணத்தில் வெறும் 'ப்ரெத்தேரித்தொ' என்றார். எல்லாம் ஒரே காலத்தின் பெயர்கள்.

எப்போது பயன்படுத்துவது

ஸ்பானியத்தில் இன்னொரு இறந்தகாலமும் இருக்கிறது. அது அப்லாப, அப்லாபஸ், அப்லாப, அப்லாபமொஸ், அப்லாபய்ஸ், அப்லாபன் என்று ஓடும். ஏர், ஈர் வகைகளில் கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயய்ஸ், கொமீயன். இதில் முரண் வினைகள் மொத்தமே மூன்று.

முடிந்த செயலைச் சொல்ல 'அப்லோ'. நடந்துகொண்டிருந்த நிலையையோ பழக்கத்தையோ சொல்ல 'அப்லாப'. நீண்ட நேரம் நடந்தால் இரண்டாவது வடிவம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. 'அப்லோ தோஸ் ஓரஸ்' – அவர் இரண்டு மணி நேரம் பேசினார். நேரம் நீளமானாலும் அதற்கு எல்லை கட்டியாகிவிட்டது. எனவே முதல் வடிவம். 'குவாந்தொ அப்லாப, ஸலீ' – அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் வெளியேறினேன். முதல் செயலுக்கு எல்லை இல்லை; இரண்டாவது அதன் நடுவில் நடந்து முடிந்தது.

தமிழில் நல்ல உரைகல் இருக்கிறது. 'பேசினார்' என்று இயல்பாக வரும் இடத்தில் பெரும்பாலும் 'அப்லோ'. 'பேசிக்கொண்டிருந்தார்' என்றோ, பழைய பழக்கத்தைச் சொல்லும் 'அந்தக் காலத்தில் தினமும் பேசுவார்' என்றோ வரும் இடத்தில் 'அப்லாப'. பின்னதில் நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதால் ஸ்பானியத்திலும் எதிர்காலத்தைத் தேடிவிடக் கூடாது.

ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்று, இந்த வாரம் போன்று இன்னும் முடியாத காலப்பகுதியில் நடந்ததற்கு 'எ கொமீதொ' என்ற கூட்டு வடிவத்தைச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் காலையில் உண்டதற்கும் 'கொமீ' போதும். தொடக்கத்தில் லத்தீன் அமெரிக்க வழக்கைப் பின்பற்றுவதே என் பரிந்துரை. ஒரே வடிவத்தை ஆழமாகப் பழகலாம். ஸ்பெயினிலும் அது எல்லோருக்கும் புரியும்.

பயிற்சி

கட்டம் போட்டு ஆறு வடிவங்களையும் வரிசையாக ஒப்பிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேச்சில் யாரும் வரிசையாக ஆறையும் சொல்வதில்லை. முதலில் நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் இணையாக உரக்கச் சொல்லுங்கள்: ஆப்லொ–அப்லோ, தோமொ–தொமோ (எடு), மீரொ–மிரோ (பார்), யாமொ–யமோ (அழை), கமீனொ–கமினோ (நட). கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் சொல்ல, மற்றவர் 'நான் இப்போது' அல்லது 'அவர் அப்போது' என்று பதில் சொன்னால் இன்னும் நல்லது. காது பிரிக்கத் தொடங்கும் வரை எழுத்துப் பயிற்சிக்குப் போக வேண்டாம்.

பிறகு இந்தச் சிறு பத்தி:

'அயேர் ஸலீ தெ காஸ அ லஸ் ஓச்சொ. கமினே மேத்ய ஓர. ஆன யெகோ தார்தெ. கொமீமொஸ் இ அப்லாமொஸ் மூச்சொ. ஏய பகோ.'

நேற்று எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். அரை மணி நேரம் நடந்தேன். ஆனா தாமதமாக வந்தாள். உண்டோம், நிறையப் பேசினோம். அவள்தான் பணம் செலுத்தினாள்.

இதை 'நான்' என்பதற்குப் பதில் 'அவன்' என்று மாற்றிச் சொல்லுங்கள். ஸலீ என்பது ஸல்யோ ஆகும். கமினே என்பது கமினோ ஆகும். கொமீமொஸ், அப்லாமொஸ் இரண்டும் கொம்யேரொன், அப்லாரொன் ஆகும். அடுத்து 'நீ' என்று மாற்றுங்கள்: ஸலீஸ்தெ, கமினாஸ்தெ. அதன்பின் நேற்று நீங்கள் செய்த ஐந்து செயல்களை இதே போல் எழுதி, சாய்கோடு வேண்டிய இடங்களில் இட்டு, உரக்கப் படியுங்கள். அகராதியில் தேடும் வினை முரணானதாக இருந்தால் இப்போதைக்கு அதை விட்டு வேறொன்றை எடுங்கள். எஸ்பெரார் (காத்திரு), கொர்ரேர் (ஓடு), அப்ரீர் (திற), ரெஸிபீர் (பெறு) எல்லாம் இறந்தகாலத்தில் முழு ஒழுங்கானவை.